காப்புக் கட்டிய வீடு

ஏப்ரல் 2, ஞாயிறு

முதலில் பிள்ளைகளைப் பற்றி எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

என் மகள் பவளத்தின் மூத்தவன் பிரசன்னா கோயம்புத்தூரில் பல் டாக்டர். வாசலில் அவன் பெயரைப் பித்தளையில் அடித்து மாட்டியிருக்கிறது. இளையவள் தாரணி பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். போன மாதம் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்காரர்களுக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்தாள். என் மகன் சுருளிவேலின் ஒரே மகள் மகிழினி இங்கே ஆஸ்திரேலியாவில் எட்டாவது படிக்கிறாள். நீச்சலில் மாநிலத்திலேயே மூன்றாவது. முதல் இரண்டு இடம் வாங்கிய பிள்ளைகளும் அவளைவிட ஒரு முழம் உயரம். அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சுருளியையும் சொல்ல வேண்டும். சுரங்க இன்ஜினியர். இந்த நாட்டின் அந்தக் கோடியில், பெர்த் பக்கம், இரும்புச் சுரங்கத்தில் வேலை. மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. வாராவாரம் இல்லாவிட்டாலும் மாதாமாதம் விமானத்தில் வேலைக்குப் போகிறவன் எங்கள் ஊரில் வேறு யார்? இப்போது நான் வந்திருப்பதால் லீவு போட்டிருக்கிறான்.

இந்த வீடும் அவன் சம்பாத்தியம். இரண்டு ஏக்கரில் ஒற்றை வீடு. பிளாக் என்கிறார்கள். கேட்டிலிருந்து வாசலுக்கு நடப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. மெல்போர்னிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். யாரா பள்ளத்தாக்கு என்று பெயர். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒயின் திராட்சை. நாங்களும் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போட்டவர்கள்தான். எங்களுக்குப் பந்தல். இங்கே பந்தல் கிடையாது, துணி காயப்போட்ட மாதிரி கம்பியில் வரிசையாகப் படர விட்டிருக்கிறார்கள். இலை சிவந்து கொட்டுகிறது. நம் கொடி இப்படிச் சிவந்தால் மருந்தடிக்க ஓட வேண்டும். இங்கே காரை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்கிறார்கள்.

இந்த நோட்டு மகிழினி கொடுத்தது. “தினமும் எழுதுங்க அப்பத்தா” என்றாள். அஞ்சாப்புப் படிப்புக்கு இவ்வளவு எழுதியதே கை வலிக்கிறது.

சுருளி கார் ஷெட்டை ஒட்டிய அறையில் படுக்கிறான். குறட்டை விடுவானாம்.

ஏப்ரல் 5, புதன்

தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறார்கள். குளிர் தாங்காதாம். சாயங்காலம் உள்ளே தூக்கி வைத்து, காலையில் வெளியே வைக்க வேண்டும். மருமகள் பானுரேகாதான் தூக்குகிறாள். முன்பு சுருளியை “என்னங்க” என்பாள். இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். இந்த ஊர்ப் பழக்கம்.

ஏப்ரல் 12, புதன்

காலையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து கேட் அருகே பெரிய பலகை நட்டுவிட்டுப் போனாள். அதில் இந்த வீட்டின் படம். மேலே தேதி. 6 என்று எழுதியிருந்தது தெரிந்தது.

வெங்காயம் உரித்துக்கொண்டே பானுவிடம், “வீட்டுக்கு ஏதும் பரிசு கிடைச்சிருக்காத்தா?” என்று கேட்டேன்.

அவள் குழாயை மூடினாள். “அத்தை, அவர் உங்ககிட்ட சொல்லலையா?”

“என்னத்த?”

“வீட்ட விக்கிறோம். மே ஆறாம் தேதி ஏலம். நானும் அவரும் பிரிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. நீங்க வரீங்கன்னுதான் அவர் இங்க வந்து தங்கியிருக்கார். இருபத்தேழாந்தேதி பெர்த்துக்கே போயிடறார். இனிமே அங்கதான்.”

“சண்டையா?”

“சண்டையெல்லாம் முன்னாடி போட்டோம் அத்தை. இப்ப இல்ல.”

சரி என்றேன். ரசத்துக்குப் புளி கரைத்தேன். இங்கே புளியில் கொட்டை இல்லை. கொட்டை எடுத்துத்தான் விற்கிறார்கள்.

ஏப்ரல் 13, வியாழன்

பவளம் போன் பண்ணினாள். “வீடு எப்படிம்மா இருக்கு?” என்றாள். பெருசு என்றேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒண்ணு. பாயசம். சுருளி தட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். போன் வருமாம்.

ஏப்ரல் 20, வியாழன்

பவளம் பேசினாள். வருகிற செவ்வாய் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டு. அடுத்த புதன்கிழமை அவிழ்ப்பு. எட்டு ராத்திரி.

காப்புக் கட்டிவிட்டால் ஊரில் இருக்கிற யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். படுக்கைக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். சிங்கப்பூரில் இருந்து வந்தவனானாலும், காப்பு அன்று ஊருக்குள் இருந்துவிட்டால் அவிழ்க்கும் வரை அவன் டிக்கெட்டைத் தள்ளித்தான் போட வேண்டும்.

சுருளியின் அப்பாவுக்கு மலையில் ஏலக்காய்த் தோட்டம். தோட்டக் காவலுக்கு ஆள் வேண்டும் என்று வருஷம் பூராவும் அங்கேயே இருப்பார். அங்கேயும் ஒரு வீடு இருந்தது, சமைத்துப்போட ஆள் இருந்தது. காப்புக்கு மட்டும் இறங்கி வந்துவிடுவார். எட்டு ராத்திரியும் நம் வீட்டில். பவளம் பிறந்தது தை மாதம். சுருளியும் தை மாதம்தான்.

பானுவிடம் விரலி மஞ்சள் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது.

ஏப்ரல் 24, திங்கள்

மகிழினியைக் கூட்டிக்கொண்டு ரோட்டோரம் நடந்தேன். வேப்பிலை மாதிரியே இலை வைத்த மரம் ஒன்று இருக்கிறது. நம் மலைவேம்பு. பாதி இலை பழுத்துவிட்டது. பச்சையாகப் பார்த்து ஒரு கொத்து ஒடித்துக்கொண்டேன்.

“இது யாரோட மரம் அப்பத்தா? கேக்காம ஒடிக்கக் கூடாது.”

“சாமிக்குத்தான் தாயி.”

“அத அவங்ககிட்ட யாரு சொல்றது?” என்றாள். வக்கீலுக்கும் படிக்கலாம்.

ஏப்ரல் 25, செவ்வாய்

ஏதோ பழைய போர் வீரர்கள் நினைவு நாளாம், எல்லோருக்கும் லீவு. விடிந்ததும் குளித்தேன். கேட்டின் இரண்டு கல்தூணிலும் மஞ்சள் பூசி இலையைக் கட்டினேன். பலகையின் காலிலும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

சுருளி அடுப்படியில் நின்று காபி குடித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். “கையை நீட்டுப்பா” என்றேன். சின்னப் பிள்ளையில் எண்ணெய் தேய்க்க நீட்டுகிற மாதிரியே நீட்டினான். மஞ்சள் துண்டு கோத்த நூலை மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டேன். அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்தான்.

“என்னம்மா இது?”

“கயிறு.”

“இன்னைக்கு என்ன கிழமை?”

“செவ்வா.”

“சித்திரைச் செவ்வாயா?” காபியை வைத்துவிட்டான். “யம்மா, காப்பா கட்டிப்புட்ட? நாளை மறுநாள் எனக்கு பிளைட்டு.”

“ஊர்ல கட்டுறாக. நானும் கட்டினேன்.”

“இது ஊரா? எந்தக் காளியாத்தா இந்த ஊருக்கு எல்லை போட்டா?”

“அவுத்துப் போட்டுட்டுப் போ. நான் என்ன புடிச்சா வச்சிருக்கேன்?”

அவன் அவிழ்க்கவில்லை. அவிழ்க்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷம் அவன் அப்பா ஆறாம் நாள் அவசரமாகக் கிளம்பினார். மலையிலிருந்து யாருக்கோ உடம்பு சரியில்லை என்று ஆள் வந்திருந்தது. காப்பு நூலோடு போனார். ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்தது. அப்போது சுருளி நாலாப்பு.

பானு வந்து அவன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் உடுமலைப்பேட்டைக்காரி. அங்கேயும் காப்பு உண்டு. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

“அத்தை, நீங்க அஞ்சாவது படிச்சது போதும். இன்னும் படிச்சிருந்தா நாங்க தாங்க மாட்டோம்.”

“உனக்கும் கட்டவாத்தா?”

“வேண்டாம்.”

மகிழினி கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். பானு அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். “அவளுக்கும் வேண்டாம் அத்தை. கட்டினா இங்கயே இருக்கணும்.”

சுருளி ஒரு மணி நேரம் போனில் இங்கிலீஷில் பேசினான். ஒரு வாரம் தள்ளிக் கேட்டானாம். கொடுத்துவிட்டார்கள். நல்ல கம்பெனி.

ஏப்ரல் 26, புதன்

காலையில் பானு பெட்டி கட்டினாள். மகிழினியின் பெட்டியும்.

“எங்க தாயி?”

“மெல்போர்ன்ல என் பிரண்டு வீட்டுக்கு. ஆஸ்பத்திரிக்குப் பக்கம், மகிழுக்கும் ஸ்கூலுக்கு ரயில் இருக்கு. அடுத்த புதன் வரேன்.” அவள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற பகுதிக்கு அதிகாரி. எத்தனையோ உயிர் அவள் கையில்.

“எட்டு நாளும் சேந்து இருப்பீகன்னு பாத்தேன்.”

அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“அத்தை, இந்த வீட்ட விட்டு ஒரு ராத்திரி நான் வெளிய தங்கி நாலு வருஷமாச்சு. யாராவது இருக்கணும்ல? பம்பு நிக்கும், கரண்டு போகும், பாம்பு வரும். ஒரு கோடையில மலைப்பக்கம் தீ புடிச்சுச்சு. வானம் பூரா செவப்பு. எல்லாரும் கெளம்புங்கன்னு போன்ல மெசேஜ் வருது. அவருக்குப் போன் போட்டா, ‘பதறாத, நான் பேசிக்கிறேன், இரு’ங்கறார். ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்துகிட்டு யார்கிட்ட பேசுவார்? மகிழத் தூக்கிக் கார்ல போட்டுகிட்டு நானே கெளம்பினேன். வெளிய தங்கினது அந்த ஒரு ராத்திரிதான். தீ இந்தப் பக்கம் வரல. மறுநாள் போன்ல, ‘பாத்தியா, நான் சொன்னேன்ல’ன்னார்.”

மகிழினியின் பெட்டியை இழுத்துச் சாத்தினேன்.

“காப்பு அவருக்குக் கட்டிட்டீங்க. இருக்கிறதுக்கு ஆள் ஆயாச்சு. அதான் நான் போறேன்.”

கறிவேப்பிலைத் தொட்டியை எந்த நேரத்துக்கு உள்ளே வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 27, வியாழன்

விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே போனது. சுருளி அண்ணாந்து பார்த்தான். பிறகு புல் வெட்டினான்.

ஏப்ரல் 29, சனி

வீடு வாங்குகிறவர்கள் வந்து பார்க்கிற நாள். அந்த அரை மணி நேரம் வீட்டுக்காரர்கள் இருக்கக் கூடாதாம். நானும் சுருளியும் ரோட்டில் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். செருப்புக் காலோடு ஜனங்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஒருத்தி கேட் தூணில் மஞ்சளைத் தொட்டு மோந்து பார்த்தாள்.

சுருளி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கேட்டான்.

“ஏம்மா, அப்பா வருஷத்துல எட்டு நாளுதான் இருப்பாரு. உனக்கு அது போதுமா இருந்துச்சா?”

ஒரு தகப்பன் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனான். குழந்தை ஒற்றைக் கால் ஷூவைக் கீழே விட்டுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. நான் இறங்கிப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோதும் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஒம்பதாம் நாள் காலையில கோலம் போட மாட்ட நீ. அது எனக்கு ஞாபகம் இருக்கு” என்றான்.

வெயில் கண்ணாடி வழியாக அடிக்கிறது, ஏசியைப் போடு என்றேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வரவில்லை. இங்கே மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துப் பம்பு வைத்து ஏற்ற வேண்டும். மலையைக் குடைகிற இன்ஜினியருக்கு வீட்டுப் பம்பை ஓட்டத் தெரியவில்லை. பானுவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

“செவப்பு மூடியத் தொறந்து ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க. அப்புறம் சைடுல ஒரு தட்டு.”

“எதால தட்ட?”

“அங்க ஒரு கட்டை கெடக்கும் பாருங்க. அதுக்குன்னே வச்சிருக்கேன்.”

கட்டை இருந்தது. தட்டினான். ஓடியது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கொடி வரிசைப் பக்கம் பேசிக்கொண்டே நடந்தான். பம்புக்கு அவ்வளவு நேரம் ஆகாது. நான் இரண்டு பேருக்கு இல்லை, நாலு பேருக்கு உளுந்து ஊறப்போட்டேன்.

வந்தவன் வாசற்படியில் உட்கார்ந்தான்.

“மன்னிப்புக் கேட்டேன்மா. எல்லாத்துக்கும்.”

“என்ன சொன்னா?”

“சரின்னா.”

“அப்புறம்?”

“ஏலம் ஆறாந்தேதியே இருக்கட்டும், மாத்த வேண்டாம்னா.”

மாவு நிறைய இருக்கிறது. பிரிட்ஜில் வைத்தேன்.

மே 1, திங்கள்

சுருளி இப்போது ஷெட்டில் இல்லை, வீட்டுக்குள் கூடத்தில் படுக்கிறான். காலையில் கண் சிவந்திருந்தது. காற்றில் தகரம் அடித்துக்கொண்டே இருந்ததாம், இரண்டு தடவை எழுந்து கதவையெல்லாம் பார்த்தானாம்.

“நாலு வருஷமா அவ இப்படித்தான் தூங்கியிருக்காளாம்மா?” என்றான்.

தூங்கியிருந்தால்தானே என்று சொல்ல வந்தேன். தோசை கருகுகிற மாதிரி இருந்தது, திருப்பிப் போட்டேன்.

மே 2, செவ்வாய்

ஊரில் இன்று பொங்கல். நானும் கேட் ஓரம் கல் கூட்டிப் பொங்க வைத்தேன். பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்காரர் புகையைப் பார்த்துவிட்டு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். பொங்கலைக் கிண்ணத்தில் கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டார். நெருப்பை அவரே அணைத்துவிட்டுப் போனார்.

மே 3, புதன்

சுருளி காலையில் சொன்னான்: “யம்மா, இன்னும் ஒரு எட்டு நாள் லீவு கேக்கவா? ஏலத்துக்கும் இருந்த மாதிரி ஆச்சு. கொஞ்ச நாள் கூட இருந்தா அவ மனசு மாறலாம்.”

கேள், இன்னும் எட்டு நாள் கேள், என் டிக்கெட்டையும் தள்ளிப் போடு என்று நாக்கு நுனி வரை வந்தது.

மத்தியானம் பானுவின் கார் வந்தது. கேட்டைத் தாண்டி அடுப்படி ஜன்னலுக்கு எதிரே வந்து நின்றது. பின்னால் மகிழினி ஹெட்போன் மாட்டித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பானு இறங்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்து, வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடியைத் தோள் வரை வெட்டியிருந்தாள். ஒரு வாரத்தில் முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. தூங்கிய முகம். பார்க்கப் பார்க்க அது சுருங்கியது. தண்ணீரில் இறங்கப் போகிறவள் மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டு கார் கதவைத் திறந்தாள்.

நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

“கையை நீட்டு.”

“சாயங்காலம்தான அவுப்பாங்க?”

“ஊர்ல சாயங்காலம் அவுக்கட்டும். நீட்டு.”

நீட்டினான். வெட்டினேன். மணிக்கட்டில் மஞ்சள் கோடு.

“லீவு கேக்க வேணாம். கெளம்பு. ஏலத்துக்கு நான் அவ கூட நிக்கிறேன்.”

“ஏம்மா, நீதான கட்டுன?”

“நான்தான் கட்டினேன். காப்பு முடிஞ்சுபோச்சு.”

பானு உள்ளே வந்து, “சாப்டீங்களா அத்தை?” என்று கேட்டாள். மாவு இருக்கிறது, நாலு பேருக்கும் ஊற்றலாம் என்றேன். ஊற்றினேன். மகிழினி ஏழு தோசை. நீச்சல்காரி, சாப்பிட வேண்டும்.

மே 4, வியாழன்

சுருளி போய்விட்டான். வாசலைக் கூட்டி, கோலம் போட்டேன். மாவுக்கோலம் சிமெண்டில் நன்றாகப் பிடிக்கிறது.

மே 6, சனி

ஏலம் வீட்டு முன்னால் புல்லிலேயே நடந்தது. கோட்டுப் போட்டவன் ஒருவன் கத்துகிறான், ஜனங்கள் விரலைத் தூக்குகிறார்கள். போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலம் மாதிரிதான், தட்டில் ஏலக்காய் இல்லை. பானு என் பக்கத்தில் நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. கடைசியில் அவன் மரச்சுத்தியலை ஓங்கித் தட்டினான். வயிற்றில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண்ணும் அவள் புருஷனும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

பம்பைப் பற்றி அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று பானுவிடம் சொன்னேன். பானு போய் அந்தக் கட்டையைக் கையோடு கொடுத்துக் காட்டிவிட்டு வந்தாள். புருஷனுக்கும் சேர்த்துக் காட்டச் சொன்னேன். அவனையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஜூன் 18, ஞாயிறு

ஊருக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நோட்டைப் பெட்டியில் இருந்து இன்றுதான் எடுத்தேன். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் வீட்டை விற்றாச்சு என்று சொன்னேன். நல்ல விலையா என்றார்கள். ஆமாம் என்றேன். சுருளி எங்கே என்றவர்களுக்கு பெர்த் என்றேன். பானு எங்கே என்றவர்களுக்கு மெல்போர்ன் என்றேன். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்கவில்லை.

பானு இன்று போன் பண்ணினாள். வாடகை வீடு, இரண்டாம் மாடி, இரண்டே அறை. ஜன்னலுக்குக் கீழே ரயில் போகிறதாம். சத்தம் பேசும்போதே கேட்டது.

“தூக்கம் கெடலையா?”

“அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன் அத்தை. மகிழ்தான் எழுப்பி விடறா.”

“எம் மகன் பேசுறானா?”

“ஞாயிற்றுக்கிழமை மகிழ்கிட்ட பேசறார். என்கிட்ட பம்பு பத்திக் கேட்டுச் சிரிச்சார்.” ரயில் சத்தம் கடந்து போனது. “நான் உங்களுக்குப் போன் பண்ணலாம்ல அத்தை?”

“நீ பண்ணாட்டி நான் பண்ணுவேன். காசு உனக்குத்தான் மிச்சம்.”

சிரித்தாள். சிரித்து முடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு சொன்னேன்: புது வீட்டு வாசலில் நின்று ஒரு போட்டோ எடுக்க வேண்டும். போனில் அனுப்பினால் எனக்குப் பார்க்கத் தெரியாது. கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மடங்காமல் அட்டை வைத்து, தபாலில் அனுப்ப வேண்டும். சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

“போட்டோவுல யார் யார் நிக்கணும் அத்தை?” என்று கேட்டாள்.

“அந்த வீட்டுல ராத்திரி யாரு படுக்குறீகளோ அவுக நின்னாப் போதும்” என்றேன்.